பத்தடி உயரத்தில் ஒரு திருட்டு

கீழ் வீடு
மார்ச் 3

மாமா,

கடிதத்தை ‘அன்புள்ள’ என்று தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அன்பு இப்போது கையிருப்பில் இல்லை. அதனால் வெறும் மாமா.

உங்களோடு இனிமேல் பேசுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். போனிலும் உங்களை அடைத்து வைத்தாகிவிட்டது. எழுதுவது பேச்சில் சேராது. அம்மா இதை மாடிக்கு எடுத்து வருவாள். “தம்பி மேல, பொண்ணு கீழ, நடுவுல நான் என்ன தபால்காரியா” என்று ஏற்கெனவே ஒரு பாட்டம் முடிந்துவிட்டது. நீங்களும் கேட்டிருப்பீர்கள், படிக்கட்டுக்கே கேட்டது.

மேம்பாலத்துக்கு அடியில் தூண் தூணாக நீங்கள் ஒட்டியிருக்கும் படங்களை ஊரே அண்ணாந்து பார்க்கிறது. நம் நகரத்தின் ஹிப்-ஹாப் மொத்தமும் அதில் இருக்கிறது. ராப் பாடும் பஸ் கண்டக்டர், சுவரில் எழுத்து வரையும் பல் டாக்டர், வாயாலேயே மேளம் அடிக்கும் இரட்டைச் சகோதரிகள், எங்களைப் போல் தரையில் சுழலும் பிரேக்கிங் கூட்டங்கள். மூன்று வருடம் கேமராவும் கையுமாக அலைந்ததற்கு நல்ல பலன். வாழ்த்துகள். வாழ்த்து இந்த வரியோடு முடிகிறது.

ஏழாவது தூணில் இருப்பது நான். தலை கீழே, கால் மேலே, ஒற்றைக் கையில் அசையாமல் நிற்கிறேன். பத்தடி உயரம். அதற்கு நீங்கள் வைத்த பெயர் ‘அசல்’.

மாமா, நான் நின்றது இடது கையில். படத்தில் இருப்பது வலது கை.

உங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு ‘யாரும் சொல்லவே இல்லையே’ என்று நழுவக் கூடாது பாருங்கள். வலது கையில், ஒரு காலை மடக்கி மறு காலைக் கடிகார முள் மாதிரி நீட்டி நிற்பது தவளையின் சொத்து. கார் நிறுத்தும் அடித்தளத்தில் ஆடுகிற கூட்டத்தின் தவளை. அவன் கண்டுபிடித்தது, அவன் மட்டும் செய்வது. அடுத்தவன் செய்வதை அப்படியே செய்தால் எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் கடி. கடித்தவனை எந்த வட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். ஆனால் அதையே அவன் இடத்துக்குப் போய், அவன் மூஞ்சிக்கு நேராக, மற்றக் கையில் செய்து காட்டினால் அது மறுகை. ‘உனக்குச் சுலபமான பக்கத்தில் நீ செய்வதை நான் கஷ்டமான பக்கத்தில் செய்வேன்’ என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு மரியாதையும் கிடையாது, அதற்கு மேல் ஒரு அவமானமும் கிடையாது.

விடுமுறை முழுக்க இடது மணிக்கட்டு வீங்க வீங்க அதற்காகத்தான் பழகினேன். ஐஸ் வைத்துக் கட்டியதே நீங்கள்தான். எங்கள் கூட்டத்துக்குச் சொல்லவில்லை, சொன்னால் எங்கள் தலைவன் ஆணி அண்ணன் விடமாட்டான். உங்களை மட்டும் கூட்டிக்கொண்டு அவர்கள் அடித்தளத்துக்கே போய் மறுகை கொடுத்தேன். தவளைக்கு வாய் திறக்கவில்லை. நீங்கள் படம் எடுத்தீர்கள்.

தவளையின் ஆட்கள் அதை வெளியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், என் பக்கத்துக்கு இருந்த சாட்சி நீங்களும் அந்தப் படமும்தான். இப்போது அந்தப் படம் தவளைக்குச் சாட்சி சொல்கிறது.

நேற்று ஆணி அண்ணன் எல்லாரையும் ஏழாவது தூணுக்கு முன்னால் நிறுத்தினான்.

“இது என்ன?”

“படம் மாறியிருக்கு அண்ணா. நான் இடது கைலதான் நின்னேன்.”

“மறுகைன்னு எங்ககிட்ட அளந்தியே. பத்தடிக்கு நிக்குது, இது பொய்யா?”

“படம்தான் பொய்.”

“சரி, சட்டையில நம்ம பேரு எங்க?”

அப்போதுதான் பார்த்தேன். என் நெஞ்சில் ‘தரைப்படை’ என்று இருக்க வேண்டிய இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நம் பேர் இல்லாத சட்டையில் போய் அடுத்தவன் சரக்கைத் திருடியிருக்கிறாய் என்றான். சட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னான். உள்ளே பனியன் போட்டிருந்ததால் மானம் தப்பியது. எறும்பு என்று பட்டப்பெயர் வைத்தது நீங்கள்தானே. “எறும்புன்னா கடிக்காம என்ன செய்யும்” என்று ஒருத்தன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். என்னுடைய ஜோக், மாமா. என் பேரை வைத்து நான் அடிக்க வேண்டிய ஜோக்கை அவன் அடித்துவிட்டான்.

ஏப்ரலில் நகரத்துக் கூட்டங்கள் எல்லாம் மோதும் போட்டி. என் இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள்.

கேள்வி இரண்டு. கை எப்படி மாறியது? பேர் எங்கே போனது? வெள்ளிக்கிழமைக்குள் படம் இறங்க வேண்டும்.

எறும்பு


மாடி
மார்ச் 5

எறும்புக்கு,

உன் கடிதத்தின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. கையெழுத்து மட்டும் முன்னேறியிருக்கிறது.

ஜனங்கள் ரயில் நிலையத்துப் பக்கத்திலிருந்துதான் பாலத்தடிக்கு நடந்து வருவார்கள். எல்லாத் தூண்களிலும் ஆட்கள் அவர்களைப் பார்த்து வரவேற்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது என் அமைப்பு. உன் படம் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அதனால் கம்ப்யூட்டரில் இடம் வலமாகத் திருப்பினேன். திருப்பியதும் சட்டையில் இருந்த எழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி தலைமாற்றி விழுந்தது. பார்க்க அசிங்கமாக இருந்ததால் அழித்தேன். இது பொய் இல்லை, அமைப்பு. தலை கீழே, கால் மேலே இருக்கிற ஆளுக்கு இடது எது, வலது எது என்று யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். தவளை விஷயம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அது தப்புதான்.

படத்தை இறக்க முடியாது. இருபதாம் தேதி மாநகராட்சி அரங்கத்தில் இந்தப் படங்களைத் திரையில் போட்டு நான் பேசப்போகிறேன். புத்தகமாகப் போடலாமா என்று பார்க்கப் பதிப்பகத்து அம்மா அன்றைக்கு வருகிறார். முன்னுரையில் நான் எழுதியிருக்கும் முதல் வாக்கியமே ‘இவை நடந்தது நடந்தபடி’ என்பதுதான். ஒரு படம் திருப்பியது என்று தெரிந்தால் மற்றப் படங்களையும் சந்தேகிப்பார்கள்.

உனக்கு வயது பதினாறு. மோதல் இன்னும் எத்தனையோ வரும். எனக்கு ஐம்பது. கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் படம் எடுத்தே காலம் போய்விட்டது. இன்னொரு புத்தகம் வராது.

ஆணியிடம் நானே தனியாகப் பேசுகிறேன். அக்காவிடம் சொல்லி என் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தனுப்பு.

மாமா


கீழ் வீடு
மார்ச் 6

மாமா,

டப்பா வராது.

தனியாகப் பேசுவீர்களாம். என் மானம் போனது ஊர் நடுவில், திரும்பி வருவது மட்டும் காதோடு காதாகவா? படத்துக்குக் கீழே ‘இது திருப்பியது, இந்தப் பெண் இடது கையில் நின்றாள்’ என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள், போதும். இல்லையென்றால் நான் பழிவாங்குவேன். முன்கூட்டியே சொல்வது, பெரியவர் என்கிற மரியாதைக்காக.

இன்று காலை உங்கள் செருப்பு இடம் வலமாகவும் வலம் இடமாகவும் இருந்ததா? பைக்கின் இரண்டு கண்ணாடிகளும் உங்கள் மூஞ்சியையே காட்டினவா? அமைப்பு, மாமா. வெறும் அமைப்பு.

எறும்பு


மாடி
மார்ச் 12

எறும்பு,

செருப்பைப் பொறுத்துக்கொண்டேன். வாசலில் என் பெயர்ப் பலகை தலைகீழாகத் தொங்கியதைப் பொறுத்துக்கொண்டேன். கல்யாணப் படம் பேச வந்தவர்கள் தலையைச் சாய்த்துப் படித்துவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டியதையும் பொறுத்துக்கொண்டேன்.

கடைசித் தூணில் இருக்கும் என் சொந்தப் படத்தின் மேல் நீ செய்திருப்பதைப் பொறுக்க முடியவில்லை. என் முகத்தை இடம் வலமாகத் திருப்பி அச்செடுத்து, அளவெடுத்த மாதிரி அதே இடத்தில் ஒட்டி, கீழே ‘அசல்’ என்று எழுதியிருக்கிறாய். மச்சம் மறுகன்னத்துக்குப் போய்விட்டது. நேற்று ஒரு பெரியவர் என்னையும் தூணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “உங்க அண்ணனா தம்பியா” என்று கேட்டார்.

ஆணியைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுவிட்டுச் சொன்னது: “சார், நீங்க உங்க அக்கா பொண்ணுக்காகச் சொல்றீங்க. படம் யாருக்காகவும் சொல்லல.”

“எடுத்தவனே நான்தானப்பா.”

“அப்ப ஏன் சார் இன்னும் ஒட்டி வெச்சிருக்கீங்க?”

என்னால் ஆனது இவ்வளவுதான். நீயும் இதோடு விடு. இருபதாம் தேதி அரங்கத்துப் பக்கம் வராதே. உன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவள் எதிரில் என்னைத் தலைகுனிய வைக்காதே.

மாமா


கீழ் வீடு
மார்ச் 14

அன்புள்ள மாமாவுக்கு,

அன்பு புதிதாக வந்து இறங்கியிருக்கிறது. தூணில் ஒட்டியதை நானே வெந்நீர் ஊற்றிச் சுரண்டி எடுத்துவிட்டேன், மச்சம் சொந்தக் கன்னத்துக்குத் திரும்பிவிட்டது, போய்ப் பாருங்கள். பெயர்ப் பலகையும் நிமிர்ந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். மூன்று வருட உழைப்பு. என்னால் கெடக் கூடாது. அரங்கத்தில் இருக்கும் ப்ரொஜெக்டரும் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பதும் ஒரே ரகம். பள்ளிக்கூடத்தில் அதை ஏற்றி இறக்குவது நான்தான் என்பது உங்களுக்கே தெரியும். உங்களுக்கோ கம்ப்யூட்டரில் திருப்பத் தெரியும், திரையில் விழ வைக்கத் தெரியாது. அன்றைக்கு நான் வந்து அதைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் பேச்சை மட்டும் பாருங்கள்.

சாப்பாட்டு டப்பா இத்துடன் வருகிறது. சூடாக இருக்கும்போதே திறங்கள்.

உங்கள் எறும்பு


மாடி
மார்ச் 15

எறும்புக் குட்டிக்கு,

வளர்ந்துவிட்டாய். மாலை நாலு மணிக்கு அரங்கத்துக்கு வந்துவிடு. புத்தகம் வந்தால் முதல் பிரதி உனக்கு.

டப்பாவைத் திறக்குமுன் ஒரு தடவை குலுக்கிப் பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். உள்ளே சாப்பாடுதான் இருந்தது. வெட்கமாக இருந்தது.

மாமா


மாடி
மார்ச் 21

நீ வீட்டில் இருக்கிறாய் என்று தெரியும். கதவைத் தட்டினால் திறக்க மாட்டாய் என்றும் தெரியும். அதனால் உன் வழிக்கே வந்து எழுதுகிறேன்.

ரிமோட் எங்கே?

திரைக்குப் பின்னாலிருந்து படம் காட்டுவதற்கென்று அந்த இயந்திரத்தில் ஒரு பொத்தான் உண்டாம். அதை அமுக்கினால் எல்லாப் படமும் இடம் வலமாகத் திரும்பி விழுமாம். அரங்கத்துக் காவலாளி இன்று காலை எனக்கு விளக்கிச் சொன்னார். நேற்று மாலை சொல்லியிருக்கலாம். நேற்று அவரும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

நீ முதல் படத்தைப் போட்டுவிட்டு “தண்ணி குடிச்சிட்டு வர்றேன் மாமா” என்று போனாய். நான் ‘இவை நடந்தது நடந்தபடி’ என்று ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் திரையில் பஸ்ஸின் எண் தலைமாற்றி நிற்கிறது. கண்டக்டரின் பையில் இருக்கும் எழுத்தை எந்த மொழியென்றே சொல்ல முடியாது. பல் டாக்டர் வரைந்த சுவர் வந்ததும் பின்வரிசைப் பையன்கள், “தப்பு” என்று ஒரே குரலில் கத்தினார்கள். அதற்கப்புறம் அதுவே விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் “தப்பு”. படங்கள் தானாகவே மாறிக்கொண்டிருந்தன, எனக்கு நிறுத்தவும் தெரியவில்லை, திருப்பவும் தெரியவில்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

தவளையின் படம் வந்தது. அவனே எழுந்து நின்று, “நான் வலது கைப்பா, தப்பு” என்றான். கைதட்டல் வேறு. அடுத்தது உன் படம். எல்லாரும் “தப்பு” என்று கத்த, அந்த வேகத்திலேயே அவன், “இல்லல்ல, இது மட்டும் கரெக்ட். இவ இடது கைலதான் நின்னா” என்றான்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். சட்டென்று உட்கார்ந்துவிட்டான். இரண்டு இருக்கை தள்ளி ஆணி. அவன் திரையைப் பார்த்தான், தவளையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

பதிப்பகத்து அம்மா நிதானமாகக் கேட்டார்: “எல்லாப் படமும் திரும்பி விழும்போது இது மட்டும் எப்படிச் சரியா இருக்கு?”

“ப்ரொஜெக்டர்ல கோளாறுங்க” என்றேன்.

“ப்ரொஜெக்டருக்கு இந்தப் பொண்ணு மேல மட்டும் என்ன பாசம்?”

மைக் கையில் இருந்தது. நான் திருப்பினேன் என்று சொன்னேன். சட்டையில் இருந்த பேரையும் நானே அழித்தேன் என்று சொன்னேன். வேறு எதை அழித்தீர்கள் என்று கேட்டார். வேறு எதையும் இல்லை என்பது சத்தியம். அதை நம்ப அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

காலையில் போய் ஏழாவது தூணில் இருந்த படத்தை உரித்தேன். வெறும் சிமெண்டாக நிற்கிறது. அங்கே இனி நான் எதையும் ஒட்டப்போவதில்லை, உன் சரியான படத்தையும் சேர்த்துத்தான். எனக்குப் புத்தகம் இல்லை, உனக்குத் தூண் இல்லை.

ஒன்று மட்டும் சொல். இப்படி முடியும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்தாயா?

மாமா


கீழ் வீடு
மார்ச் 22

மாமா,

கணக்கெல்லாம் போடவில்லை. எல்லாப் படத்தையும் கவிழ்த்தால் ஏற்கெனவே கவிழ்ந்த படம் நிமிர்ந்துவிடும் என்பது பொத்தானை அமுக்கும்போது எனக்குத் தோன்றவே இல்லை. உங்களைப் பார்த்து நாலு பேர் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். கதவு இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தவளை உளறியபோது ரிமோட் கையிலிருந்து விழுந்தே விட்டது. அதுதான் மூடி உடைந்திருக்கிறது. அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன், காவலாளியிடம் சேர்த்துவிடுங்கள்.

புத்தகம் போனதற்கு வருத்தப்படுகிறேனா என்று இரண்டு நாளாக எனக்குள்ளேயே தேடிப்பார்த்தேன். பாதி இருக்கிறது. மீதிப் பாதி சந்தோஷம். பொய் சொல்ல மாட்டேன், நம் வீட்டில் அதற்கு ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கிறது.

இன்று காலை ஆணி வந்தான். அம்மாதான் கதவைத் திறந்தாள்.

“யாருப்பா?”

“ஆணி, ஆன்ட்டி.”

“பேரைக் கேட்டேன்.”

“அதான் பேரு.”

“பெத்தவங்க வெச்சதா, நீயா அடிச்சுக்கிட்டதா?” என்று கேட்டுவிட்டு உள்ளே விட்டாள். எனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

என் சட்டையை மடித்துக் கொண்டுவந்திருந்தான். துவைத்துக்கூட இருந்தது. நாற்காலியில் வைத்தான்.

“சரி விடு எறும்பு. தப்பு நடந்து போச்சு. சனிக்கிழமை பழக வந்துடு. ஏப்ரலுக்கு உன் பேரைத் திரும்பச் சேத்துட்டேன்.”

“தப்பு தானா நடந்துச்சா, யாராவது நடத்தினாங்களா?”

“அந்தப் படத்தைப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும்.”

“மூணு வருஷமா என்னைப் பாத்தியே. அதுல என்ன தோணுச்சு?”

வாசலைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அம்மா உதவவில்லை.

“அதான் வீடு தேடி வந்திருக்கேனே” என்றான்.

“சட்டையை எல்லார் முன்னாடியும் கழட்டச் சொன்னே. குடுக்கிறதுக்கு மட்டும் வீடு தேடி வந்தியா?”

மாமா, இதே ஊரில் இதே மாதத்தில் இதே தப்பைச் செய்த இரண்டாவது ஆள் இவன். அவமானம் பாலத்தடியில், சமாதானம் வீட்டுக்குள். நீங்களாவது கடைசியில் மைக்கில் சொன்னீர்கள். கட்டாயத்தில்தான் என்றாலும் மைக்கில் சொன்னீர்கள்.

சட்டையை எடுத்து அவன் கையிலேயே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், பாலத்தடி, ஏழாவது தூண், நீயும் நானும் என்றேன். அவன் எதற்கு ஆணி என்று உங்களுக்குத் தெரியும். தலையை ஊன்றி வலமாகச் சுழல்வான், தரையில் இறங்குகிற மாதிரி இருக்கும். அதை நான் இடமாகச் சுழன்று காட்டுவேன் என்றேன்.

சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். “கழுத்து போயிடும் எறும்பு.”

“போனா என் கழுத்து.”

“தோத்தா?”

“தோத்தா சட்டையும் வேணாம், ஏப்ரலும் வேணாம். உங்க யாரு கண்ணுலயும் பட மாட்டேன். ஜெயிச்சா ஏப்ரல் மோதலுக்கு நீ பேர் இல்லாத சட்டையில வரணும். ஏன் இல்லைன்னு யாராவது கேட்டா நீயே பதில் சொல்லணும்.”

சரி என்று சொல்லவில்லை. ஆனால் அம்மா எதிரில் மாட்டேன் என்று சொல்லவும் அவனால் முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனான், எந்தப் பக்கம் ஆட்டினான் என்று உங்களிடம் மட்டும் சொல்ல மாட்டேன், திருப்பிவிடுவீர்கள்.

இவ்வளவு நாளாகக் கீழே தொம் தொம் என்று சத்தம் கேட்கிறது, அக்கா எதையோ இடிக்கிறாள் என்றுதானே நினைத்தீர்கள்? அது என் தலை. சட்டையைப் பிடுங்கிய அன்று சாயந்தரமே தலையணையைப் போட்டு ஆரம்பித்துவிட்டேன். முதலில் அரைச் சுற்று வந்தது. இப்போது நிற்காமல் வருகிறது. உச்சியில் கொஞ்சம் முடி போய்விட்டது, அதை ஆணியின் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

உங்களை மன்னிக்கவில்லை. என் பட்டியலில் முதல் இடத்திலிருந்து இறங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்த இடத்துக்கு இப்போது வேறு ஆள் வந்திருக்கிறான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டும், கேமராவோடு. ஏழாவது தூணில் இனி எதையும் ஒட்ட மாட்டேன் என்ற வீறாப்பை அன்று ஒரு நாளைக்கு மாடியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நான் சுழலும்போது என்னை எடுக்க வேண்டாம். எந்தப் பக்கமாகச் சுழல்கிறேன் என்பதை இந்தத் தடவை ஊரே நேரில் நின்று பார்க்கும். நீங்கள் எனக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள், ஆணிக்கு நேர் எதிரில். அவன் மூஞ்சி வேண்டும் எனக்கு. நான் சுற்றி முடித்து எழும்போது அவன் மூஞ்சி எப்படி இருக்கிறதோ அப்படியே, பத்தடி உயரத்தில்.

எறும்பு